பாகுசாமியும் தீக்குழம்பு வந்து சேர்ந்த நேரமும்

ஆற்றில் வெள்ளம் வந்தால் அதைப் பற்றிய அறிக்கையில் நான்கு விவரங்கள் தவறாமல் இருக்க வேண்டும். வெள்ளம் எங்கே புறப்பட்டது, எப்போது புறப்பட்டது, என்ன வேகத்தில் வருகிறது, நம் எல்லையை எப்போது அடையும். இது வருவாய் இலாகாவில் இருந்த விதி. நல்ல விதி. இந்த நான்கையும் விசாரித்து, சுத்தப் பிரதி எடுத்து, கையெழுத்து வாங்குவதற்குள் வெள்ளம் வந்து வடிந்து போயிருக்கும். ஆகையால் பதில்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பூமிக்கு அடியிலிருந்து உருகிய பாறை மேலே வந்தால் என்ன அறிக்கை அனுப்புவது என்று எந்த விதியும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு தாசில்தாரின் மானம் தப்பியிருக்கும். ஒரு கல்யாண வீடு நிம்மதியாக இருந்திருக்கும்.

அரசாங்கப் படிவத்தில் கேட்ட கேள்விக்கு, கேட்டபடியே, உண்மையான பதிலை எழுதிய மனிதர் ஒரே ஒருவரைத்தான் என் சர்வீஸ் முழுவதிலும் பார்த்தேன். அதனால் விளைந்த சேதத்தையும் பார்த்தேன். மற்றவர்கள் ஏன் எழுதுவதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் பாகுசாமி. நாமக்கல் பக்கத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருமே சாமிதான். முன்னால் உள்ள 'பாகு' மட்டும் அவர் சொந்தமாகச் சம்பாதித்தது. புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் 'திரு. பாகுசாமி அவர்களுக்கு' என்றே ஒரு மெமோ அனுப்பினார். இவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பு அவர் எங்கள் தாலுகா ஆபீசுக்குக் குவாரி இன்ஸ்பெக்டராக வந்தார். சென்னையில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவர். யார் எந்தக் குன்றில் லைசென்ஸ் இல்லாமல் கல் உடைக்கிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. அவர் குன்றைப் பார்ப்பார், கல்லைப் பார்ப்பார், உடைக்கிறவனை மட்டும் பார்க்க மாட்டார். பார்த்தாலும், "இந்தப் பக்கமா உடைப்பா, உள்ளே கல்லோட மணி நல்லாத் தெரியும்" என்று யோசனை சொல்லிவிட்டு வருவார்.

எங்கள் சமவெளியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிர்ப் பாறைக்கு நடுவே, வரப்புப் போட்டதுபோல் நேராக ஒரு கறுப்புப் பாறை ஓடும். ஒரு காலத்தில் பூமி வெடிப்பு விட்டு, அந்த வெடிப்பு வழியாகக் கீழிருந்து பாகு மாதிரி ஏறிவந்து உறைந்ததுதான் அது என்பார் அவர். இருந்துவிட்டுப் போகட்டும் என்போம் நாங்கள். ஆனால் அவருக்கு அது போதாது. ஏறியது என்றால் என்ன வேகத்தில் ஏறியது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்று தெரிந்தாக வேண்டும். கேட்டவனும் இல்லை, பார்த்தவனும் இல்லை. இப்படிப்பட்ட கேள்வியை நாங்களாக இருந்தால் 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கட்டி வைத்திருப்போம்.

அவர் வழி வேறு. கறுப்புப் பாறைக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சைக் கல் பதிந்திருக்கும். கனமான கல், வெகு ஆழத்தில் கிடப்பது. பாகு அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறது. மெதுவாக வந்திருந்தால் கல் வழியிலேயே மூழ்கிக் கீழே போயிருக்கும். ஆகவே கல் மூழ்குகிற வேகத்தைவிடப் பாகு ஏறிய வேகம் அதிகம். அப்புறம், சூடான பாலில் கற்கண்டைப் போட்டு எடுத்தால் மூலை மழுங்கியிருக்கும் அல்லவா? எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் கிடந்தது என்று சொல்லிவிடலாம். பச்சைக் கல்லின் மூலையும் அப்படித்தான். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிரமோஷன் வந்தவன் முகம்கூட அப்படி இருக்காது.

தத்துவத்தோடு நிறுத்தியிருந்தால் ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். அவர் பரிசோதனையும் செய்தார். கல்யாணப் பந்தியில் பாயசம் வந்தால் முந்திரியை எடுத்து மேலிருந்து போட்டுவிட்டு, பாக்கெட் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொள்வார். முந்திரி மூழ்கும்வரை சாப்பிட மாட்டார். தன் முந்திரி தீர்ந்ததும் பக்கத்து இலையைப் பார்ப்பார். அவர் பக்கத்தில் உட்கார ஆள் கிடைப்பதில்லை.

பாயசம் நீர்த்திருக்கிறது, ஒத்துவராது என்று முடிவு கட்டி, ஜேடர்பாளையத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்றைப் பிடித்தார். குவாரி இன்ஸ்பெக்டர் வந்து கொப்பரை ஓரம் நின்றால் ஆலைக்காரர் என்ன செய்வார்? ஏதோ சர்க்கார் வேலை என்று விட்டுவிட்டார். கொதிக்கிற பாகில் இவர் பச்சைக் கல்லாகப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டுக் கடிகாரம் பார்த்தார். போட்டதை எல்லாம் திரும்ப எடுத்ததாக அவருக்கு ஞாபகம்.

பிறகு ஒரு நாள் சேலத்து வெல்ல மண்டிக்காரர் பாய் எங்கள் ஆபீசுக்கு வந்தார். கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் ஒரு பச்சைக் கல்லை வைத்தார். கோபமே இல்லை, மகா மரியாதை. "கல்லு உங்களுது, வெல்லம் என்னுது. கலந்து போச்சு. அதான் பிரிச்சுக் கொடுக்க வந்தேன்."

பாகுசாமி பாய்ந்து எழுந்தார். "உருண்டையில இது எங்கே இருந்தது? மேலேயா, நடுவிலேயா, அடியிலேயா? ரொம்ப முக்கியம், சொல்லுங்க."

"என் பல்லுல இருந்துச்சுங்க" என்றார் பாய்.

இந்த லட்சணத்தில் இருந்த மனிதரிடம்தான் ஒரு குடும்பத்தின் கௌரவம் வந்து சேர்ந்தது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மானாவாரி ஊர். அங்கே பெரியகாட்டார் என்று ஒரு பண்ணையக்காரர். மகள் பழனியம்மாளை வாழப்பாடியில் கொடுப்பதாகப் பேசி முடித்து, தையிலேயே முகூர்த்தமும் குறித்திருந்தார். தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வந்தார்கள். வந்தவர்கள் விடிந்ததும் காடுதோட்டம் பார்க்கப் போனார்கள். அங்கே பெரியகாட்டார் புதிதாக வெட்டிக்கொண்டிருந்த கிணறு. கறுப்புப் பாறை குறுக்கே வந்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நின்றுபோன கிணறு. அதன் அடியில் பாறை இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜாவாவில் சர்க்கரை மில்லில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஊர் அவரை ஜாவா மாமா என்றது. எரிமலையை நேரில் பார்த்தவர். கப்பலில் இருந்துதான் பார்த்தார், அன்று மேகமூட்டம் வேறு. இருந்தாலும் வாழப்பாடி வட்டாரத்தில் அவரைவிட எரிமலை தெரிந்தவர் இல்லை. அவர் புகையைப் பார்த்தார், கறுப்புப் பாறையைப் பார்த்தார், தலையில் துண்டைக் கட்டினார். பூவைக் கூடையோடு திருப்பி எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்கள்.

மறுநாள் பெரியகாட்டார் தாலுகா ஆபீசில் நின்றார். "ஏனுங்க சாமி, எங்க ஊட்டுக்குக் கீழ நெருப்பு இல்லீன்னு சர்க்கார்ல ஒரு காயிதம் குடுத்துப்போடுங்க. அது போதும். புள்ளையோட வாழ்க்கைங்க."

இருப்பதற்குச் சான்று கொடுக்கலாம். இல்லாததற்குக் கொடுக்க விதி இல்லை என்றார் தாசில்தார். ஆனால் விதி இல்லை என்பதற்காக ஒரு மனுவைச் சும்மா வைத்திருக்கவும் விதி இல்லை. யோசித்தார். கீழிருந்து மேலே வருகிற குழம்பும் ஒரு திரவம்தானே? வெள்ள அறிக்கைப் படிவம் ஒன்றை எடுத்து, 'வெள்ளம்' என்ற இடத்தை அடித்து 'தீக்குழம்பு' என்று எழுதி, குவாரி இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்துப் பூர்த்தி செய்யவும் என்று உத்தரவு போட்டார். அந்தப் படிவத்தை எடுத்துக்கொடுத்த கை என் கை. சரியான படிவம் அதுவல்ல என்று சொன்னேன். சரியானது எது என்று அவர் கேட்டார். அதோடு என் கடமை முடிந்தது.

தன் வாழ்நாளில் முதல்முறையாக அரசாங்கம் தனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டிருக்கிறது என்று பாகுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கிணற்றில் இறங்கி, பாறையைக் கொத்தி, லென்ஸ் வைத்துப் பார்த்து, எழுதிக் கொண்டுவந்தார். எங்கே புறப்பட்டது? நேர் கீழே, பல மைல் ஆழத்தில். எப்போது? மனிதர் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பு. வேகம்? எறும்பு ஊர்வதற்குக் குறையாது, மாட்டு வண்டிக்கு மிகாது. எல்லையை எப்போது அடையும்? அடைந்துவிட்டது. கால்நடைச் சேதம்? இல்லை, அக்காலத்தில் கால்நடைகள் ஏற்படவில்லை.

அதிகாரிகள் படிவத்தை முழுக்கப் படிப்பார்கள் என்று நினைக்கிறவர்கள் படிவம் நிரப்பக்கூடாது. தாசில்தார் கண்ணில் இரண்டே விஷயம் பட்டது. மாட்டு வண்டி வேகம். எல்லையை அடைந்துவிட்டது. எல்லையை அடைந்த வெள்ளத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று விதியில் தெளிவாக இருந்தது. செய்தார். மறுநாள் காலை அந்த ஊரில் தண்டோரா போட்டு, ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டச் சொன்னார்கள்.

அந்த ஊரில் இருந்த ஒரே மேடு கறுப்புப் பாறைக் கரடுதான். தீக்குழம்பிலிருந்து தப்புவதற்காக ஊர் மாடுகள் முழுவதும் தீக்குழம்பின் மேலேயே ஏறி நின்றன. பாகுசாமி அந்தப் பக்கம் சைக்கிளில் போனவர், மாடுகள் நல்ல இடத்தில் நிற்கின்றன என்று சந்தோஷப்பட்டார். எதற்காக நிற்கின்றன என்று கேட்கத் தோன்றவில்லை.

செய்தி வாழப்பாடிக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அது மாட்டு வண்டியைவிட வேகம். ஜாவா மாமா சம்பந்தத்தை முறிக்கவே நேரில் புறப்பட்டு வந்தார். தாசில்தார் அன்று காய்ச்சல் என்று லீவு போட்டார். பாகுசாமியும், அவரைத் தனியாக விடக்கூடாது என்று நானும் பெரியகாட்டார் வீட்டுக்குப் போனோம்.

வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்று வீட்டம்மாள் பின்புறத்தில் கச்சாயப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். பாகுசாமி அந்த வாசனைக்கு நேராகப் போய், சட்டியைத் துணியால் பிடித்து வாசலுக்குத் தூக்கி வந்துவிட்டார். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் பாகை ஊற்றினார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, இழவு வீடு மாதிரி, அது ஆறுவதைப் பார்த்தோம்.

"செங்கல்லை ஒட்டின ஓரம் சட்டுனு இறுகிடும், நைசா இருக்கும். நடுவிலே மெதுவா ஆறும், மணி மணியா விழும்" என்றார். பிறகு பையிலிருந்து கிணற்றுக் கல் இரண்டை எடுத்து நீட்டினார். "இது பாறையோட ஓரம், திருநீறு மாதிரி. இது நடு, கொத்தமல்லி மாதிரி. நடுவே மணி விழுந்தாச்சுன்னா பாகு முழுக்க ஆறியாச்சுன்னு அர்த்தம். இனிமே வர்றதுக்கு ஒண்ணும் இல்லை."

ஜாவா மாமா கல்லைத் தடவிப் பார்த்தார். நியாயமான மனிதர். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெரியகாட்டார் மூச்சு விட்டார். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். மாமா சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டார். "ஆறின பாகு மறுபடி உருகாதுங்களே?"

வேறு எந்த அரசாங்க ஊழியரும் 'உருகாது' என்றிருப்பார். "அடுப்பை மறுபடி மூட்டினா உருகும்" என்றார் பாகுசாமி.

பெரியகாட்டார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "சாமி, உங்குளுக்குப் புண்ணியமாப் போவுது. இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இன்னும் சில கோடி வருஷத்துக்கு இல்லைன்னு வேணா சொல்றேன். அதுக்கு அப்புறம் எனக்குத் தெரியாதுங்க."

ஜாவா மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க ஊட்டுக்கு வரப்போற பொண்ணு, அது பொறந்த ஊட்டுக்கு நல்லது கெட்டதுக்கு வந்து போவணும். நாளைக்கு எங்க பேரன் இங்க வெளையாடணும். நீங்க சொல்றது நெசம்னா முகூர்த்தம் வரைக்கும் அந்தக் கெணத்துக்குள்ள உக்காந்திருங்க. நெருப்பு வரலைன்னா தாலி ஏறும்."

மிரட்டலுக்குத்தான் சொன்னார். பாகுசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எப்போது இறங்கலாம் என்று கேட்டார்.

இறங்கினார். மேசை, நாற்காலி, கயிற்றுக் கட்டில், எல்லாம் மண் அள்ளும் கூடையில் கட்டி இறக்கினார்கள். குவாரிக் கோப்புகளை நான் மேலிருந்து கூடையில் அனுப்புவேன். கையெழுத்தாகி மேலே வரும். சொல்லப்போனால் அந்த நாட்களில்தான் அவர் கோப்புகள் தாமதமில்லாமல் வந்தன. கிணற்றுக்குள் வேறு போக்கிடம் இல்லை.

இதில் ஒரு சிக்கல். அரசு ஊழியர் அனுமதி இல்லாமல் தலைமையிடத்தை விட்டு வெளியே தங்கக்கூடாது. வெளியே என்பதற்குத் தூரம் சொல்லியிருக்கிறார்கள், ஆழம் சொல்லவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நானே ஒரு மனு எழுதி, 'தற்போதைய முகவரி: பெரியகாட்டார் கிணறு, அடிப்பகுதி' என்று போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினேன். இங்கே மேலே என்பது மேலிடம்.

சோறு பழனியம்மாள் கொண்டுவருவாள். கல்யாணப் பெண் வாசல் தாண்டக்கூடாது என்று அம்மா தடுத்துப் பார்த்தார், நடக்கவில்லை. தன் கல்யாணம் கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது, நான் போகாமல் யார் போவது என்று கேட்டாளாம். காலையில் விளிம்பில் நின்று குரல் கொடுப்பாள். "சாமி, உசுரோட இருக்கறீங்களா?"

"இருக்கேம்மா."

"நெருப்பு வந்தா மொதல்ல எனக்குச் சொல்லோணும். மாப்ள ஊட்டுக்கு அப்பறமாச் சொல்லிக்கலாம்."

புகை தினமும் காலையில் வந்தது. அதில் சூடும் இல்லை, நெடியும் இல்லை. எதனால் வருகிறது என்று நான் கேட்டதற்கு, அதைப் பார்க்க நேரமில்லை, பாறையின் ஓரம் எவ்வளவு சீக்கிரம் இறுகியது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வாழப்பாடி வண்டிகள் வந்து சேர்ந்தன. ஜாவா மாமா நேராகக் கிணற்றுக்கு வந்து எட்டிப் பார்த்தார். நானும் அங்கே இருந்தேன். உள்ளே பாகுசாமி கறுப்புப் பாறையும் வெளிர்ப் பாறையும் சேருகிற இடத்தில், புகை வந்த அதே இடுக்கில், உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கொண்டுபோக நல்ல ஓரத் துண்டு ஒன்று வேண்டுமாம். கல் பெயர்ந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது.

முதலில் குழாய் மாதிரி, பிறகு மடை மாதிரி. கறுப்புப் பாறை இத்தனை காலமும் அணையாக நின்று அந்தப் பக்கத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. புகை என்றது, அந்த ஈரக்காற்று தைமாதக் குளிரில் ஆவியாகத் தெரிந்ததுதான். மனிதர் தோன்றுமுன் ஓடிய குழம்பின் வேகத்தைக் கணக்கிட்ட மேதைக்கு, ஒரு முழம் தள்ளி நின்ற தண்ணீர் தெரியவில்லை. கோப்புகளை முதலில் ஏற்றினோம்; அது முறை. பிறகு அவரைக் கூப்பிட்டோம். அவர் மேசைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, தண்ணீர் மேசைக்காலில் ஏறுவதைக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுங்க, மேல வந்துடுங்க" என்றார் ஜாவா மாமா.

"முகூர்த்தம் நாளைக்குத்தானே?"

"ஐயா, நெருப்பு இருக்கற ஊர்ல இவ்ளோ தண்ணி வராதுங்க. நான் ஜாவாவுல பாத்திருக்கேன். வாங்க."

தண்ணீர் சில்லென்று இருந்ததால் அதை யாரும் மறுக்கவில்லை. மேசையோடு சேர்த்து அவரை மேலே இழுத்தார்கள். முதல் தடவை இறங்கியபோது பூர்த்தி செய்த அந்த வெள்ளப் படிவத்தை மட்டும் இப்போது நிரப்பியிருந்தால் எல்லாம் பொருத்தமாக இருந்திருக்கும். மறுநாள் தாலி ஏறியது. பந்தியில் ஜாவா மாமா தானாகவே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாயசத்து முந்திரி முழுவதையும் எடுத்து அவர் இலையில் வைத்தார்.

தாசில்தாருக்குக் காய்ச்சல் தெளிந்ததும் ஒரு ரகசியக் குறிப்பு மேலே போயிற்று. பங்குனியில் மாற்றல் உத்தரவு வந்தது. மாற்றல் உத்தரவு மட்டும் எந்தக் குழம்பையும்விட வேகமாக வரும். கல்லைப் பற்றி இவ்வளவு தெரிந்த மனிதரை வீணாக்கக் கூடாது என்று, கூழாங்கல்கூடக் கிடைக்காத ஒரு கடற்கரை உப்பளத்துக்கு அனுப்பினார்கள். போகும்போது டிரங்குப் பெட்டி நிறையக் கல். மாட்டு வண்டிக்காரன் முனகினான். இவர் பின்னாலேயே நடந்தபடி வண்டியின் வேகத்தைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டு போனார்.

அதன்பின் ஒரு நாள் தபாலில், தைமாதம் நான் எழுதிய மனுவுக்குப் பதில் வந்தது. மனுதாரர் கிணற்றினுள் தங்குவது பொதுநலனுக்கு உகந்ததல்ல; அவர் உடனே மேலே வர வேண்டும்.

கடற்கரைக்குத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் விதி ஒன்று இருக்கிறது. உத்தரவை, மனுவில் கண்ட முகவரியில் சார்வு செய்ய வேண்டும், அதாவது நேரில் சேர்ப்பிக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அந்த இடத்தில் உரக்கப் படித்து, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் விதியை மீறுகிறவன் அல்ல. அன்று விடுமுறை. புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தேன்.

கிணறு பாதிக்குமேல் நிறைந்திருந்தது. பெரியகாட்டார் மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தார். மாடுகள் பின்னுக்குப் போய்த் தோல்சால் இறக்கி, முன்னுக்கு வந்து தண்ணீரை ஊற்றின. கரட்டடி முழுவதும் பச்சை. ஆடிக்குப் புருஷனோடு பிறந்த வீடு வந்திருந்த பழனியம்மாள் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "பாகுச்சாமி வல்லீங்களா?" என்று எனக்குப் பின்னால் பார்த்தாள். கடற்கரைக்குப் போய்விட்டார் என்றேன். காகிதத்தைக் காட்டினேன்.

படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அப்படீன்னா படிங்க. சத்தமாப் படிங்க, அவுருக்குக் கேக்கோணும்" என்றாள்.

கிணற்று விளிம்பில் நின்று, தலைப்பு முதல் கையெழுத்து வரை உரக்கப் படித்தேன். 'உடனே மேலே வர வேண்டும்' என்ற இடத்தில் என் குரலையே கிணறு திருப்பிச் சொன்னது. அந்த வாக்கியத்தை இன்னொரு முறை படித்தேன்; அதற்கு விதி எதுவும் இல்லை. பழனியம்மாள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கீழே நான் குறிப்பு எழுதித் தேதி போட வேண்டும். சர்க்கார் காகிதத்தில் இங்கிலீஷ் தேதியைத் தவிர வேறு தேதியை நான் எழுதியதில்லை. அன்று ஒரு நாள் மட்டும் எழுதினேன்.

பதில் கிடைத்தது, ஆடிப் பதினெட்டு.